ஜன்னல் சாத்திய கடற்கரை வீடு

கடலை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டு, இவ்வளவு காற்றைக் கையில் வைத்துக்கொண்டு, எனக்கு ஒரு மூச்சு ஒழுங்காகக் கொடுக்க மாட்டேன் என்கிறதே என்று. பஸ்ஸிலிருந்து இறங்கி மணல் பாதையில் கொஞ்ச தூரம்தான் நடக்க வேண்டும். அந்தக் கொஞ்ச தூரத்துக்குள் நான் எத்தனை முறை உட்கார்ந்தேன் என்று எனக்கே தெரியாது. என் கணவர் ஒரு கையில் டிரங்குப் பெட்டியும் மறு கையில் என்னையும் பிடித்துக்கொண்டு வந்தார். பின்னால் அவருடைய அக்கா, ஒரு வெள்ளைத் துணி மூட்டையை மார்போடு அணைத்தபடி வந்தார். பார்த்தவர்கள் உள்ளே குழந்தை இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். இருந்தது பட்டுப்புடவை. குழந்தை ஆரணியில் இருந்தாள்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. என் பெண்ணுக்கு அப்போது ஒன்றரை வயது. அவள் பிறந்த பிறகுதான் எனக்கு மூச்சிழுப்பு வந்தது. நான் களம்பூர்க்காரி. அரிசி ஆலைகளுக்கு நடுவில் பிறந்து, தவிட்டுத் தூசியைச் சோற்றோடு சேர்த்துத் தின்று வளர்ந்தவள். அதனால் தூசி எனக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னபோது எங்கள் வீட்டில் யாரும் நம்பவில்லை. மீனுக்குத் தண்ணீர் ஆகாது என்று சொன்ன மாதிரி இருந்தது அவர்களுக்கு.

புகுந்த வீட்டிலும் ஆலை விடவில்லை. ஆரணியில் எங்கள் தெருவுக்குப் பின்னாலேயே ஒன்று. உமியை எரித்து நெல் அவிப்பார்கள். காற்று எங்கள் பக்கம் திரும்பினால் மாடியில் வெள்ளை வேட்டியாகக் காயப்போட்டதைப் புள்ளி போட்ட வேட்டியாக எடுக்கலாம். வீட்டுக்குள் பட்டு. தறிக்காரர்களுக்கு நூலும் ஜரிகையும் கொடுத்து, நெய்த புடவையை வாங்கிக் கடைகளுக்கு அனுப்புவது எங்கள் குடும்பத் தொழில். நடு அறையில் கூரை வரை புடவை. அந்த அறையின் வாசலில்தான் நான் ராத்திரியெல்லாம் உட்கார்ந்தபடி இழுத்துக்கொண்டிருப்பேன். படுத்தால் மூச்சு அடைக்கும். சத்தத்தில் குழந்தை பயந்து எழுந்து அழும். என் ஓரகத்தி, அதாவது கணவரின் அண்ணன் மனைவி, வந்து தூக்கிக்கொண்டு போவார். அவருக்குக் குழந்தை இல்லை.

வேலூர் டாக்டர் மருந்து பாதி, காற்று பாதி என்றார். ஒரு வருஷம் கடல் காற்றில் இருந்தால் தேறிவிடுவாள், இல்லாவிட்டால் இதயத்துக்கும் கெடுதல் என்று கணவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். தனியாகச் சொல்வதெல்லாம் எனக்குக் கேட்டுவிடும், அது என் ராசி. குழந்தையை என்கூடக் கூட்டிப்போக யாரும் சம்மதிக்கவில்லை. மூச்சு வாங்கவே முடியாதவள், தத்தித் தத்தி ஓடுகிற குழந்தையைக் கடல் பக்கத்தில் எப்படிப் பார்த்துக்கொள்வாள் என்றார்கள். நியாயம்தான். நியாயமாக இருந்ததாலேயே எனக்கு அதிகம் எரிந்தது. தேறினால் குழந்தை, தேறாவிட்டால் இல்லை. இதுதான் கணக்கு என்று நானே முடிவு கட்டிக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.

அந்த வீடு, எங்களிடம் புடவை எடுக்கும் ஒரு மெட்ராஸ் வியாபாரியுடையது. விடுமுறைக்காகக் கட்டியது. கோடையில் அவர் குடும்பம் வந்து கொஞ்ச நாள் குளித்துக் கும்மாளமடித்துவிட்டுப் போகும். மற்ற மாதமெல்லாம் பூட்டு. சும்மா கிடப்பதற்கு நீங்கள் தங்கினால் எலியாவது வராது என்று சாவியைக் கொடுத்தார். ஓட்டு வீடு. சுற்றிலும் சவுக்குத் தோப்பு. நீளமான கூடம், அதில் கடலைப் பார்த்தபடி வரிசையாகப் பச்சை பெயிண்ட் அடித்த ஜன்னல்கள். சுவரைவிட ஜன்னல்தான் அதிகம். கட்டியவர் காற்றுக்காகவே கட்டியிருந்தார். பாவம், அவருக்கு என் நாத்தனாரைத் தெரியாது.

அண்ணி என்றுதான் நான் அவரைக் கூப்பிடுவேன். சின்ன வயதிலேயே கணவரை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்தவர். வந்த நாளிலிருந்து வீட்டுப் பட்டு முழுக்க அவர் கையில். தறியிலிருந்து வந்த புடவையை விரித்துக் குறை பார்ப்பது, தொங்கும் இழையை வெட்டுவது, முந்தானை ஓரத்து நூலுக்கு முடிச்சுப் போடுவது, மடிப்பது எல்லாம் அவர்தான். வேறு யார் மடித்தாலும் பிரித்துத் திரும்ப மடிப்பார். எனக்குத் துணையாக ஒரு வருஷம் வரச் சம்மதித்தவர், சும்மா உட்கார மட்டும் சம்மதிக்கவில்லை. தம்பி பதினைந்து நாளுக்கு ஒரு தடவை வரும்போது மூட்டை கொண்டு வரவேண்டும், முடித்த மூட்டையை எடுத்துப்போக வேண்டும் என்று ஏற்பாடு.

நாங்கள் போய்ச் சேர்ந்தது ஆனி மாதம். காலையில் மேற்கிலிருந்து அனல். மணல் பறந்து கண்ணில் விழும். மதியம் தாண்டினால் சொல்லிவைத்த மாதிரி திசை மாறிக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று அடிக்கும். முதல் நாள் அந்தக் காற்று கூடத்துக்குள் புகுந்தபோது நான் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணி மூட்டையை அவிழ்த்து மேலே இருந்த புடவையின் கரையைத் தடவினார். விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்பு என்றார். மற்றவர்கள் தீ என்று சொல்கிற குரலில் சொன்னார்.

உப்புக் காற்று பட்டால் ஜரிகை கறுத்துவிடும். பட்டு வீட்டுக்கு வந்த மருமகளுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பதே அதுதான். காற்று அடித்தால் ஜன்னல், தூறல் விழுந்தால் கதவு. யோசிக்கக்கூடாது, கை தானாகப் போகவேண்டும். அண்ணி ஒரு பக்கமிருந்து ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு வந்தார். இன்னொரு பக்கமிருந்து நான், இழுத்துக்கொண்டே எழுந்து, இரண்டு ஜன்னலுக்குக் கொக்கி மாட்டினேன். கணவர் இடுக்குகளில் பழைய துணியைச் சுருட்டி அடைத்தார். வேலை முடிந்ததும் மூவருக்கும் ஒரு திருப்தி. கடல் காற்றுக்காக ஆரணியிலிருந்து இரண்டு மூன்று பஸ் மாறி வந்தவர்கள் நாங்கள்.

அப்படியே ஆடி போனது, ஆவணி போனது. புடவை மூட்டைகளுக்கு நடுவில் பூச்சி வராமலிருக்க வசம்பு. கூடம் முழுக்க அந்த நெடி. நான் வேளை தவறாமல் மருந்து சாப்பிட்டேன். சாயங்காலம் வாசற்படியில் கொஞ்ச நேரம் உட்காருவேன். அப்போது கொஞ்சம் இதமாக இருக்கும். பொழுது சாய்ந்தால் பனி விழும் என்று அண்ணி உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிடுவார். உள்ளே போனதும் இழுப்பு தொடங்கும். இருட்டினால் இழுப்பு வரும் என்று நானே ஒரு வைத்திய சாஸ்திரம் எழுதிக்கொண்டேன். எங்களுக்குத் தண்ணீர் எடுத்துத் தரும் தோப்புக் காவல்காரர் மனைவி ஒரு நாள் உள்ளே வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுக்குப் பட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று நாங்கள் சிரித்தோம்.

அண்ணியைக் கொடுமைக்காரி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எனக்கு வெந்நீர் வைத்து, நெஞ்சுக்குத் தைலம் தேய்த்து, முதுகுக்குத் தலையணை முட்டுக் கொடுத்து, நான் உட்கார்ந்தபடி தூங்குவதற்காகத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தே தூங்கியவர். என் அம்மாகூட இப்படிச் செய்திருக்க மாட்டாள். எனக்குக் கோபம் வந்தால் தட்டைத் தள்ளுவேன், மருந்தைத் துப்புவேன். அவர் இன்னொரு அளவு ஊற்றிக்கொண்டு வருவார்.

கணவர் வரும் நாட்களுக்காகத்தான் நான் உயிரோடு இருந்தேன் என்று சொன்னால் அவருக்குப் பெருமையாக இருக்கும். உண்மை என்னவென்றால், அவர் கொண்டுவரும் குழந்தைச் சேதிக்காக. பல் முளைத்தது, படி ஏறினாள், பூனைக்குச் சோறு ஊட்டினாள். ஒன்றைச் சொன்னதும் இன்னொன்று என்று பிடுங்குவேன். ஆவணி கடைசியில் வந்தபோது அவர் புடவைகளை எண்ணி அடுக்கிக்கொண்டே, அவளுக்கு இப்போது பேச்சு நன்றாக வருகிறது என்றார்.

"அம்மா, அம்மான்னு வூடு பூரா கூப்பிட்டுகினு திரியறா."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என்னைத் தேடுகிறாளா என்று கேட்டேன். அவர் கையிலிருந்த புடவையைத் தேவையில்லாமல் திரும்ப மடித்தார். அண்ணியும் தலையைக் குனிந்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். அப்போதுதான் புரிந்தது. வீடு பூரா கூப்பிட்டுக்கொண்டு திரிகிறாள் என்றால், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க அங்கே ஒருவர் இருக்கிறார்.

அன்றைக்கு நான் என் ஓரகத்தியைத் திட்டிய திட்டை எழுத முடியாது. மூச்சே இல்லாதவளுக்குத் திட்டுவதற்கு மட்டும் எங்கிருந்தோ மூச்சு வந்தது. பிள்ளைத் திருடி என்றேன். என் கணவர் வாசலில் போய் நின்றுகொண்டார். கடைசியில் இழுப்பு முற்றி, அண்ணி என்னை முன்னால் சாய்த்துப் பிடித்துக்கொள்ள, பேச்சு நின்றது. கணவர் ஊருக்குப் போனபிறகு, நான் சாவதற்குள் குழந்தையை ஒரு தடவை காட்டிவிடுங்கள் என்று அண்ணியிடம் கேட்டேன். அண்ணி, "அப்படில்லாம் பேசாத" என்று மட்டும் சொன்னார். புரட்டாசி முழுக்கப் புழுக்கம். கடல் எண்ணெய் ஊற்றிய மாதிரி அசையாமல் கிடந்தது. எனக்கும் அந்த மாதம் மோசமாகத்தான் போனது.

ஐப்பசியில் மழை பிடித்தது. முதலில் சும்மா தூறல். பிறகு வடக்கிலிருந்து வாடைக்காற்று. கடல் பழுப்பானது, கரையிலிருந்த கட்டுமரங்களையெல்லாம் தோப்பு வரை இழுத்து வைத்தார்கள். ரேடியோவில் புயல் என்றார்கள். கணவர் அதற்கு முந்தின நாள்தான் ஒரு பெரிய மூட்டையைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். தை மாதக் கல்யாணங்களுக்குப் போகவேண்டிய புடவைகள். மூட்டை வந்துவிட்டது, பஸ் நின்றுவிட்டது. திருக்கழுக்குன்றம் போகிற வழியில் பாலத்துக்கு மேல் தண்ணீர் என்று காவல்காரர் வந்து சொன்னார்.

சாயங்காலம் காற்று வலுத்தது. சவுக்கு மரங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும் சத்தம். ஜன்னல் கதவுகள் அடித்துக்கொண்டன. அண்ணி ஒவ்வொன்றுக்கும் கயிறு கட்டிக்கொண்டு வந்தார். என் தலைமாட்டிலிருந்த ஜன்னலுக்கு வரும்போது, உப்பில் அரித்துப்போயிருந்த கீல் விட்டுக் கதவு அப்படியே பிய்த்துக்கொண்டு போனது. அதே ஜன்னலின் இன்னொரு கதவும் பின்னாலேயே போனது. காற்றும் மழையும் நேராக உள்ளே. அண்ணி என்னை இழுத்துக் கூடத்தின் மூலைக்குக் கட்டிலோடு தள்ளினார். பிறகு புடவை மூட்டையை எடுத்துத் தன் மடியில் வைத்து, போர்வையை மேலே போட்டு, முதுகை ஜன்னல் பக்கம் திருப்பி உட்கார்ந்துகொண்டார். அந்த ஓட்டையை அடைக்க வீட்டில் ஒன்றுமில்லை. கோரைப்பாயைக் கட்டிப் பார்த்திருந்தார், அது பறந்துவிட்டது. நான் அசதியில் சாய்ந்தேன். அதன்பிறகு எனக்கு நினைவில்லை.

விழித்தபோது என் மூக்கில் யாரோ விரல் வைத்திருந்தார்கள். பொழுது விடிந்து சாம்பல் நிறத்தில் வெளிச்சம். அண்ணி என்மேல் குனிந்து, மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது. விடிய விடிய என் இழுப்புச் சத்தத்தைக் கேட்டுப் பழகியவருக்கு, சத்தமே இல்லாததால் நான் போய்விட்டேன் என்று தோன்றியிருக்கிறது. நான் கண்ணைத் திறந்து என்ன அண்ணி என்று கேட்டேன். ஒரே மூச்சில், நடுவில் நிறுத்தாமல் கேட்டேன். அப்போதுதான் இருவரும் கவனித்தோம். நான் மல்லாந்து படுத்திருந்தேன். தலையணை கீழே கிடந்தது. குழந்தை பிறந்த பிறகு நான் மல்லாந்து படுத்துத் தூங்கியது அன்றுதான்.

கதவு பிய்ந்த ஜன்னலிலிருந்து காற்று நேராக என் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அண்ணி அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வரிசையாகச் சாத்திக் கயிறு கட்டி, துணி அடைத்திருந்த மற்ற ஜன்னல்களைப் பார்த்தார். தரையில் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டார்.

"அய்யோ, இத்தினி மாசமா உன்னயும் பட்டுப் பொடவ மாதிரி கட்டி வெச்சிட்டேனே."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு அழுகை வந்தது. பிறகு எழுந்தார். ஒவ்வொரு ஜன்னலாகப் போய் துணியைப் பிடுங்கி, கயிற்றை அறுத்து, கதவைத் திறந்து மடக்கினார். கூடம் முழுக்கக் காற்று வந்தது, சாரலும் வந்தது. மூட்டை நடுவில் இருந்தது. அதைத் தன் வெள்ளைச் சேலைகள் எல்லாவற்றையும் கொண்டு சுற்றினார். கட்டியிருந்தது தவிர ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் ஒரு ஜன்னலைக்கூடத் திரும்பச் சாத்தவில்லை. புடவையின் மேல் ஒரு சொட்டு வியர்வை விழுந்தால் தறிக்காரரின் மூன்று தலைமுறையை இழுத்துப் பேசுகிற அந்தப் பெண் சாத்தவில்லை.

பாதை சரியாகிக் கணவர் வந்து சேர ரொம்ப நாளானது. மூட்டையை அவிழ்த்தார். மேலும் கீழும் இருந்த புடவைகளில் ஜரிகை மங்கிச் சில இடத்தில் கறுத்திருந்தது. ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அக்காவிடம் அவர் ஒருபோதும் குரல் உயர்த்தியதில்லை. அன்றும் உயர்த்தவில்லை, ஆனால் முகம் செத்துப் போயிருந்தது. அண்ணி அவர் கையிலிருந்து புடவையை வாங்கி மடித்தார்.

"பொடவ போனா இன்னொண்ணு நெய்வாங்க. இவ போனா இன்னாடா பண்ணுவ?"

இனிமேல் இங்கே மூட்டை கொண்டு வரவேண்டாம் என்றும் சொன்னார். அண்ணி பட்டு வேண்டாம் என்று சொன்னது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கணவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் திட்டில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தேன். அவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

கார்த்திகையில் மழை விட்டு விட்டுப் பெய்தது. மார்கழியில் விடியற்காலைப் பனியில் கடல் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். நான் போர்வையைச் சுற்றிக்கொண்டு நடந்தேன். முதலில் கட்டுமரம் வரை. பிறகு உடைந்த கிணறு வரை. அண்ணி பின்னாலேயே, விழுந்தால் பிடிக்கிற மாதிரி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வருவார். வேலையில்லாத அந்தக் கைகள் வேறு என்ன செய்யும். சில நாள் மணலில் உட்கார்ந்து என் பழைய நூல் சேலையின் ஓரத்துக்குக் கல்யாணப் புடவை மாதிரி முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பார். இழுப்பு முழுக்கப் போகவில்லை. இன்றைக்கும் என்னோடுதான் இருக்கிறது. ஆனால் அப்போது அது வீட்டுக்காரியாக இருந்ததை விட்டுவிட்டு, எப்போதாவது வந்து போகிற உறவுக்காரியாக ஆனது.

தை பிறந்து பொங்கல் முடிந்ததும் கணவர் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்தார். நான் தலை சீவி, பூ வைத்து, பஸ் நிற்கும் இடத்துக்கே நடந்து போய் நின்றேன். அவள் வளர்ந்திருந்தாள். புதுப் பாவாடை, கண்ணுக்கு மை, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு, இரண்டு பக்கமும் கோணாத பின்னல். ஒரு சுருக்கம் இல்லாமல் அலங்கரித்து அனுப்பியிருந்தார் என் ஓரகத்தி. நான் கையை நீட்டினேன். அவள் அப்பாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். யாருப்பா என்று அவர் காதில் கேட்டது எனக்குக் கேட்டது. தனியாகச் சொல்வதெல்லாம் எனக்குக் கேட்கும் என்று முன்னாலேயே சொன்னேன்.

கணவர் அவளை எங்களிடம் விட்டுவிட்டுப் போனார். முதல் சில நாள் அழுகை. அண்ணியிடம்கூடப் போவாள், என்னிடம் வரமாட்டாள். ஊட்டினால் வாயை மூடிக்கொள்வாள். கெஞ்சினேன், பொம்மை வாங்கித் தந்தேன், ஒரு தடவை பொறுமை போய் அதட்டியும் விட்டேன். மாசியில் கொஞ்சம் இளகினாள். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும் மாதம் அது. கடலும் சாது. காலை வெயிலில் நாங்கள் இருவரும் மணலில் நண்டு வளைக்குள் குச்சியை விட்டு விளையாடுவோம். என்னை ஏய் என்று கூப்பிட ஆரம்பித்தாள். எனக்கு அதுவே பெரிசாக இருந்தது.

அப்படி ஒரு காலையில் அவள் ஒரு நண்டைத் துரத்திக்கொண்டு தண்ணீர்ப் பக்கம் ஓடினாள். நான் கூப்பிட்டேன், நிற்கவில்லை. அலை பின்வாங்கிய ஈர மணலில் இறங்கிவிட்டாள். அடுத்த அலை எழும்புவது எனக்குத் தெரிந்தது, அவளுக்கு அது முதுகுப் பக்கம். நான் ஓடினேன். யோசித்து ஓடவில்லை. சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு, களம்பூரில் சின்னப் பெண்ணாக ஓடிய மாதிரி ஓடினேன். அலை அவளைத் தள்ளி இழுக்கும்போது இடுப்புத் தண்ணீரில் பாவாடையைப் பிடித்துத் தூக்கிவிட்டேன்.

கரைக்கு வந்து உட்கார்ந்தபோது எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது, ஆனால் இழுப்பு வரவில்லை. மூச்சு வந்தது. நிறைய வந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். குழந்தை வாயிலிருந்த உப்புத் தண்ணீரைத் துப்பிவிட்டு, என் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டு, அம்மா என்று அலறினாள். ஒரு கணம் எனக்கு உலகமே கைக்கு வந்த மாதிரி இருந்தது.

"அம்மாகிட்ட போணும். ஆரணிக்குப் போணும், அம்மாகிட்ட போணும்."

என்னை இறுகக் கட்டிக்கொண்டுதான் சொன்னாள். நான் அவள் முதுகைத் தட்டிக்கொண்டே கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். வலித்தது. இழுப்பு முற்றிய நாளில்கூட நெஞ்சில் அப்படி வலித்ததில்லை. ஆனால் திட்ட வாய் வரவில்லை. தண்ணீரில் முழுகப்போன குழந்தைக்கு யார் முகம் ஞாபகம் வருகிறதோ, அவர் அவளுக்கு ராத்திரி பகலாக அவ்வளவு செய்திருக்க வேண்டும். கோணாத அந்தப் பின்னல் ஞாபகம் வந்தது. பஸ் ஏற்றி அனுப்பிவிட்டு அந்த அம்மாள் என்ன ஆகியிருப்பார் என்று அதுவரை நான் யோசிக்கவே இல்லை.

அண்ணி மணலில் தடுமாறி ஓடி வந்து சேர்ந்தார். எங்கள் மூவரில் அன்று இழுத்தது அவருக்குத்தான். அவர் மூச்சு ஆறட்டும் என்று காத்திருந்து, ஊருக்குப் போகலாம் அண்ணி என்றேன். வருஷம் முடியவில்லையே, டாக்டர் என்ன சொல்வார் என்றார். குழந்தை என்னையும் அவள் பெரியம்மாவையும் மாறி மாறிப் பிரிந்து வளரக்கூடாது என்றேன். அண்ணி அவளைப் பார்த்தார். சரி என்பதற்குப் பதிலாக, நடு அறையைக் காலி செய்யச் சொல்லித் தகவல் அனுப்புகிறேன், பட்டு வேறு எங்கேயாவது போகட்டும், அந்த அறையில் நீ படு என்றார். அங்கே ஜன்னல் எந்தப் பக்கம் வைத்தால் ஆலைக்கரி வராது என்று அப்போதே கை நீட்டி அளக்கவும் தொடங்கிவிட்டார்.

பங்குனி தொடக்கத்தில் சாவியைத் திருப்பிக் கொடுத்தோம். பிய்ந்துபோன ஜன்னலுக்குக் கணவர் புதுக் கதவு போட்டுக் கொடுத்தார். காஞ்சிபுரம், செய்யாறு என்று பஸ் மாறி ஆரணியில் இறங்கியபோது நல்ல வெயில். குழந்தை என் இடுப்பில் தூங்கிக்கொண்டே வந்தாள்.

வாசலில் என் ஓரகத்தி நின்றிருந்தார். இளைத்துப் போயிருந்தார். குழந்தையைப் பார்த்ததும் இரண்டு கையும் தன்னால் முன்னால் நீண்டன. பிறகு என் முகத்தைப் பார்த்தார். கைகளை இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். நான் கடற்கரை வீட்டில் திட்டியதெல்லாம் காதுக்கு எட்டியிருந்ததோ என்னவோ. குழந்தை விழித்து, அவரைப் பார்த்ததும் அம்மா என்று என் இடுப்பிலிருந்தே பாய்ந்தாள். அவர் ஓர் அடி பின்னால் போனார்.

"நான் பெரியம்மான்னுதாம்மா சொல்லிக் குடுத்தேன். தெனமும் சொன்னேன். உன் போட்டோவக் காட்டி இவங்கதான் அம்மான்னு சொன்னேன். அவ கேக்கல."

ஏழு மாதம் என் குழந்தையைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூங்கவைத்த மனுஷி, என்னிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி வாசலில் நின்றார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

"தெரியும் அக்கா. தூக்குங்க. அழுவுறா பாருங்க."

தூக்கினார். குழந்தை அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, ஒரு கையால் மட்டும் என் சேலைத் தலைப்பைப் பிடித்திருந்தாள். விடவில்லை. அதனால் நான் அவர்கள் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் போகவேண்டியிருந்தது. அதன்பிறகு எங்கள் வீட்டில் அம்மா என்று ஒரு குரல் வந்தால் இரண்டு பேரும் எழுவோம். அந்த நேரத்தில் யாருக்குக் கை காலியாக இருக்குமோ, அவர் போவார்.